சாமுண்டி அக்காவின் கரகரப் பெட்டி

வேலப்பன்சாவடியிலிருந்து நூம்பலுக்கு உள்ளே போகும் ரோட்டில், பள்ளிக்கூடம் நடக்கிற பகல் வேளையில், ஒரு மஞ்சள் ஸ்கூல் வேன் வேப்பமரத்தடியில் நிற்கும். ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஏற்றியிருக்கும். பக்கத்தில் போனால் உள்ளே யாரோ தகரத்தை ரம்பம் போட்டு அறுக்கிற மாதிரி சத்தம் கேட்கும். புதிதாக ஃபிளாட் வாங்கி வந்த ஒருவர், வண்டிக்குள் ஏதோ அக்கிரமம் நடக்கிறது என்று கதவைத் தட்டியே விட்டார். கதவைத் திறந்தது, சுடிதார் மேல் காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண்மணி. தோளில் கிட்டார். காலடியில் சோப்பு டப்பா அளவில் ஆரஞ்சு நிற இரும்புப் பெட்டி ஒன்று. "இன்னா சார், தூக்கம் கெட்டுப்போச்சா?" என்று அந்தப் பெண்மணி கேட்க, வந்தவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவர்தான் எங்கள் சாமுண்டீஸ்வரி அக்கா. நான் கோபி. நசரத்பேட்டையில் மொபைல் கடை வைத்திருக்கிறேன். சனி, ஞாயிறுகளில் பூந்தமல்லி 'பூந்தென்றல்' இன்னிசைக் குழுவில் ரிதம் பேட், அதாவது கரண்டில் ஓடுகிற தாளப் பலகை, வாசிக்கிறேன். அக்கா அதே குழுவில் கிட்டார். மேடையில் என் இடது பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அவர் நிற்பார். ஆகவே அவரைப் பற்றி வேறு யார் என்ன கதை விட்டாலும் நம்ப வேண்டாம். பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்தான்.

அக்கா பிறந்தது நூம்பலில், விவசாயக் குடும்பத்தில். அவர்கள் வயல் இருந்த இடத்தில் இன்றைக்கு லிஃப்ட் வைத்த அபார்ட்மெண்ட் நிற்கிறது. அதைப் பார்த்து அக்கா பெருமூச்சு விட்டதே இல்லை. நாற்று நடுகிற வேலையிலிருந்து தப்பித்தேன் என்று சிரிப்பார். கல்யாணமாகிப் போனது ஆவடிப் பக்கம் சேக்காட்டுக்கு. கணவர் சம்பத் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார்; நாளெல்லாம் இரும்புச் சத்தம் கேட்டுவிட்டு வருவதால் வீட்டில் வாயைத் திறக்கமாட்டார். அக்காவுக்குச் சும்மா உட்கார முடியாது. டிரைவிங் கற்றார், பேட்ஜ் வாங்கினார், பள்ளிக்கூட வேன் ஓட்டப் போனார். மற்ற டிரைவர்கள் முதலில் கிண்டல் செய்தார்கள். பருத்திப்பட்டில் தண்ணி லாரிக்கும் கல்யாண மண்டப வாசலுக்கும் நடுவில் அக்கா வேனை ரிவர்ஸ் எடுத்ததைப் பார்த்த பிறகு, அவர்களே பார்க்கிங்கில் சாவியைக் கொடுத்து, கொஞ்சம் எடுத்து விடுங்க என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

கிட்டார் வந்தது தற்செயல்தான். சேக்காட்டு வீட்டின் மாடிப் போர்ஷனில் குடியிருந்த, நெல்லூரிலிருந்து படிக்க வந்த காலேஜ் பையன், காலி செய்தபோது ஒரு பழைய எலக்ட்ரிக் கிட்டாரையும், பேட்டரியிலும் ஓடுகிற ஒரு சின்ன ஸ்பீக்கர் ஆம்பையும் விட்டுவிட்டுப் போனான். வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றவன் வரவே இல்லை. அக்கா ரொம்ப நாள் அதைத் துடைத்து மட்டும் வைத்திருந்தார். ஒருநாள் வேனில் போட்டுக்கொண்டு போனார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மதியம் வரை வண்டிக்கு வேலை இல்லை. மற்ற டிரைவர்கள் அந்த நேரத்தில் சீட்டாடுவார்கள், தூங்குவார்கள். அக்கா செல்போனில் வீடியோ பார்த்து விரலைத் தேய்த்துக்கொண்டார். சின்னப் பிள்ளைகள் உட்காருகிற அந்தக் குட்டி சீட்டுகளுக்கு நடுவில்தான் அவர் கிட்டார் கற்றது, நின்றுகொண்டே.

எங்கள் குழுவின் தலைவர் ஜானகிராமன் சார். பாடுவார், பேசுவார், எல்லாரையும் திட்டுவார். கோயில் திருவிழா, வரவேற்பு, மஞ்சள் நீராட்டு என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவோம். பழைய கிட்டார்காரர் வெளிநாடு போனபோது, என் கடைக்கு செல்போன் கண்ணாடி மாற்ற வந்த அக்காவின் விரல் நுனியில் காய்ப்பைப் பார்த்து நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். மெலடி பாட்டுக்கெல்லாம் அருமையாக வாசித்தார். ஆனால் கொஞ்சம் ஆட்டம் போடுகிற பாட்டு வந்தால் மானம் போகும். பாட்டில் கிட்டார் உறுமும் இடத்தில் அக்காவின் கிட்டார் டிபன் பாக்ஸில் ரப்பர் பேண்டைக் கட்டி இழுத்த மாதிரி டிங் டிங் என்னும். அவர் மேல் தப்பில்லை. அந்தக் கிட்டாரை நேரே ஆம்பில் சொருகினால் அவ்வளவுதான் வரும்.

இந்த நேரத்தில்தான் குழுவுக்கு அபிஷேக் வந்தான். திருநெல்வேலிப் பையன், ஐ.டி. கம்பெனி வேலை, வாரக் கடைசியில் கீபோர்டு. நல்ல கை, அதை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அவனுடைய கீபோர்டு ஒரு பேராசை பிடித்த ஜந்து. புல்லாங்குழல், வயலின், நாதஸ்வரம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, கடைசியில் கிட்டாரையும் விழுங்கிவிட்டது. ஒரு பட்டனை அழுத்தினால் உறுமல் கிட்டார் வரும். அதுவும் சர்க்கரை போட்ட உறுமல்தான், ஆனாலும் ஜனங்களுக்குப் போதுமாக இருந்தது. அக்கா மேடையில் ஒப்புக்கு நிற்க ஆரம்பித்தார்.

மைக் செட் போடுகிற அப்துல் ரசாக் பாயும் அதைக் கண்டுபிடித்துவிட்டார். பூந்தமல்லி சுற்று வட்டாரத்தில் அம்மன் கோயில், சர்ச், தர்கா எல்லாவற்றுக்கும் அவர் செட்தான். ஸ்பீக்கர் பெட்டிகளைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வார். மழை தூறினால் தன் தலைக்குத் துண்டு போடமாட்டார், பெட்டிக்குப் போடுவார். அவருடைய மிக்சரில் ஒவ்வொருவர் சத்தத்தையும் ஏற்றி இறக்கும் பிடிக்குக் கீழே வெள்ளை டேப் ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் யாருடையது என்று எழுதியிருப்பார். 'சார்', 'கீபோர்டு', 'கோபி பேட்' என்று வரிசையாக இருக்கும். அக்காவின் டேப்பில் இருந்தது 'எக்ஸ்ட்ரா'. அக்கா அதைப் படித்துவிட்டுப் போனதை நான் பார்த்தேன். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

ஆடி மாதம் நெருங்கியபோது ஜானகிராமன் சார் விஷயத்தை உடைத்தார். ஆடிக்குப் பிறகு மேடையில் கிட்டார் வேண்டாம், அபிஷேக்கே பார்த்துக்கொள்வான், சாமுண்டி கோரஸ் பாடட்டும், கையில் டாம்பரின் என்கிற ஜல்ஜல் வளையத்தை வைத்துத் தட்டட்டும் என்றார். டாம்பரினை வாங்கியே வைத்துவிட்டார், ரிப்பன் கட்டின டாம்பரின். மனிதருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. அவருக்கு மேடை நிறைவாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அக்கா சண்டை போடவில்லை, அழவில்லை. ஆடி மூன்றாவது ஞாயிறு நூம்பல் அம்மன் கோயிலில் கச்சேரி இருக்கிறது, அது என் ஊர், அன்றைக்கு ஒரு பாட்டில் மட்டும் கிட்டார் பகுதியை எனக்கு விடுங்கள் என்று கேட்டார். அது எடுபடவில்லை என்றால் கிட்டாரைத் தானே மூட்டை கட்டிவிடுவதாகவும் சொன்னார். சார் ஒத்துக்கொண்டார். அதற்கு அவர் ஒதுக்கியது, தானே எழுதி மெட்டுப் போட்ட அம்மன் பாட்டு. நூம்பலில் பாடினால் 'நூம்பல் ஆத்தா', சேக்காட்டில் பாடினால் 'சேக்காட்டு ஆத்தா' என்று ஊர்ப்பேரை மட்டும் மாற்றிக்கொள்வார். பாவம், அந்தப் பாட்டுக்கு இதுவரை எந்த ஊரிலும் யாரும் கை தட்டி நான் கேட்டதில்லை.

அதற்கப்புறம்தான் அந்த ஆரஞ்சுப் பெட்டி வந்தது. ஆன்லைனில் இருந்ததிலேயே மலிவானது அதுதான். பெயர் டிஸ்டார்ஷன் பெடல். கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் சொருகிக் காலால் மிதித்தால், சாதுவான சத்தம் முரடாகிவிடும். ஒரு சின்ன ஸ்விட்சை இந்தப் பக்கம் தள்ளினால் ஓவர்டிரைவ், அதாவது கத்திக் கத்தித் தொண்டை கட்டின குரல். அந்தப் பக்கம் தள்ளினால் டிஸ்டார்ஷன், அதாவது தொண்டையைப் பற்றிக் கவலையே படாத குரல். மேலே மூன்று திருகு. முரட்டுத்தனம் எவ்வளவு, கூர்மை எவ்வளவு, சத்தம் எவ்வளவு என்று மூன்றையும் வைத்துக்கொள்ளலாம்.

முதல் நாள் வேனில் நானும் இருந்தேன். அக்கா மூன்று திருகையும் முழுசாகத் திருப்பிவிட்டு, பெட்டியை மிதித்து, ஆறு தந்தியையும் சேர்த்து ஒரு இழுப்பு இழுத்தார். எதிர்ப்பக்க டீக்கடைக்காரர் கிளாஸோடு வெளியே வந்துவிட்டார். நாய்கள் எழுந்து போய்விட்டன. என்ன ராகம், என்ன சுருதி என்று ஒன்றும் பிடிபடவில்லை, எல்லாம் கூழாகக் குழைந்து கிடந்தது. நான் மெதுவாக, திருப்பி அனுப்ப இன்னும் நாள் இருக்கிறது என்றேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். 

அடுத்து நான் போனபோது சத்தமே வேறாக இருந்தது. முரட்டுத் திருகைப் பாதிக்கும் கீழே இறக்கி, சத்தத் திருகை ஏற்றியிருந்தார். ஆறு தந்தியையும் அடிக்காமல் கீழ்ச்சுருதி இரண்டை மட்டும் அடித்தார். அடித்த கையோடு உள்ளங்கை ஓரத்தால் தந்தியை அமுக்கினார். அந்தக் கூழ் போய், ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கல் மாதிரி விழுந்தது. எப்படி அக்கா என்று கேட்டேன். "ஃபர்ஸ்ட் கியர்ல ஆக்சிலேட்டர மிதிச்சா வண்டி கத்தும், நவுராது. இதுவும் அப்பிடித்தான் கீது கோபி," என்றார். எனக்கு அன்றைக்கே நம்பிக்கை வந்துவிட்டது. ஆனால் சாருக்கு வர வேண்டுமே. சார் வீட்டு மாடியில் நடந்த ரிகர்சலில் அபிஷேக் பெடலைக் குனிந்து பார்த்து, இந்த விலையில் இரைச்சல்தான் வரும் அக்கா என்று பாசமாகவே சொன்னான். கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்று சார் ஆம்பைக் கூட்டவே விடவில்லை. கொசு பாடின மாதிரி ரிகர்சல் முடிந்தது.

ஆடி மூன்றாவது ஞாயிறு வந்தது. நூம்பலில் காலையில் கூழ் ஊற்றி, மாலையில் எங்கள் கச்சேரி. மேடைக்கு முன்னால் தரையில் விரித்த ஜமக்காளத்தில் அக்காவின் சொந்தம் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. நடுவில் அவருடைய அம்மா நாகம்மா. அவர் உறவுக்காரர்களிடம், என் பொண்ணு ஆர்க்கெஸ்ட்ராவில் பாடுது என்றுதான் சொல்லி வைத்திருந்தார். கிட்டார் என்று சொல்ல அவருக்குக் கூச்சம். பாடுகிறாள் என்றால் கௌரவம், கம்பியை இழுக்கிறாள் என்றால் என்ன கௌரவம் என்று அவர் நினைப்பு. அண்ணன் வேம்புலி கோயில் கமிட்டியில் இருந்தார். தங்கச்சி மேடையில் நிற்பதைப் பார்க்காத மாதிரி, பந்தல்காரரிடம் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

கச்சேரிக்கு முன்னால் ரசாக் பாய் ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்லிச் சத்தம் பார்ப்பார். சாருக்குப் பத்து நிமிஷம், கீபோர்டுக்கு ஐந்து நிமிஷம், எக்ஸ்ட்ராவுக்கு ஒரே ஒரு இழுப்பு. அக்கா பெடலைத் தொடுவதற்குள், சரி அடுத்து என்று போய்விட்டார். வழக்கமாக நடக்கிறதுதான், நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. அந்த ஒரு இழுப்பில்தான் வினை.

நாலு பாட்டு முடிந்து சாரின் 'நூம்பல் ஆத்தா' வந்தது. முதல் சரணம் முடிந்தது. அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் பெட்டியை மிதித்தார்.

ஒரு அடி. ஒரே ஒரு அடிதான் வெளியே கேட்டது. பந்தல் துணி அதிர்ந்ததை நான் பார்த்தேன். அடுத்த நொடி எதிரே மிக்சர் பக்கம் ரசாக் பாய் பேய் அறைந்த மாதிரி எழுந்தார், எக்ஸ்ட்ராவின் பிடியை அடிமட்டத்துக்கு இழுத்தார், ஸ்பீக்கர் பெட்டியைப் பார்த்து ஓடினார். மனிதர் தன் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அதே சத்தம் சினிமாவில் வந்தால் பாட்டு, தன் பெட்டியில் வந்தால் கிழிசல். ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு பெட்டியிலும் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. அவர் காலடியில் இருந்த சின்ன ஆம்ப் அவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, அத்தனை நாள் வேனில் தேய்த்ததையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தார். எனக்கும் கேட்டது, அவ்வளவு நன்றாக இருந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கு மட்டும் கேட்கவில்லை. அவர்கள், ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு சத்தமில்லாமல் கையை ஆட்டுவதைப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். சார் அபிஷேக்குக்குச் சைகை காட்ட, அவன் பட்டனை அழுத்தி அந்த இடத்தை நிரப்பினான். அது பெரிய ஸ்பீக்கரில் வந்ததும் அக்கா கண்ணைத் திறந்தார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. ஆனால் என் கை தாளத்தை விட முடியாதே.

பாட்டு முடிந்தது. வழக்கம்போல யாரும் கை தட்டவில்லை. சார் டாம்பரினை அக்காவின் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டுத் தன் மைக்குக்குத் திரும்பிப் போனார். ரசாக் பாய் வேர்த்து விறுவிறுத்து மேடையோரம் வந்தார்.

"ரைட் பொட்டி பூட்ச்சு கோபி. பேப்பர் கீஞ்சுக்கீது," என்றார் என்னிடம். பேப்பர் என்றால் ஸ்பீக்கருக்குள் அதிர்கிற காகிதக் கூம்பு.

நான் பதில் சொல்வதற்குள் அக்கா முன்னால் வந்தார்.

"பொட்டி கீயல பாய். நான் வாசிச்சதே அப்பிடித்தான்."

பாய்க்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "கீஞ்ச மாரி யாராச்சும் வேணும்னே வாசிப்பாங்களாம்மா? நாளிக்கி ரசாக் செட்டு கீஞ்ச செட்டுன்னு ஊரே பேசும். உனுக்கு இன்னா போவுது?"

"எனுக்குத்தான் பாய் எல்லாம் போவுது," என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "இன்னிக்கு இது இந்த ஜனத்துக்குக் கேக்கலன்னா, நான் இனிமே மேடைல கிட்டார தொட மாட்டேன். சொல்லிட்டுத்தான் வந்துக்கீறேன். நீங்களே ஒரு வாட்டி மிதிச்சுப் பாருங்க."

பாய் அக்காவையே பார்த்தார். பிறகு மிக்சரில் இருந்த தன் ஆளுக்கு அந்தப் பிடியை ஏற்றச் சொல்லிக் கை காட்டிவிட்டு மேடை ஏறினார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கருவி எதுவானாலும் அவர் செருப்புக் காலோடு தொட்டதில்லை. கட்டை விரலால் அந்த ஆரஞ்சுப் பெட்டியை மிதித்து அணைத்தார். அக்கா ஒரு தந்தியைத் தட்டினார். டிங் என்று சுத்தமாக வந்தது. மறுபடி மிதித்தார். அக்கா தட்டினார். பந்தல் அதிர உறுமியது. மிதித்தார், டிங். மிதித்தார், உறுமல். நாலு தடவை ஆனதும் பாயின் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது, விளையாட்டுச் சாமான் கிடைத்த பிள்ளைக்கு வருமே அந்தச் சிரிப்பு.

இதையெல்லாம் ஜனங்களும் பெரிய ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். முதலில் சிரித்தார்கள். பிறகு விசில் வந்தது. அப்போது கோயில் வாசலில் சாமி ஊர்வலத்துக்காகக் காத்திருந்த பம்பைக்காரர் சிவராமன், அக்காவின் உறுமலுக்குப் பதில் சொல்கிற மாதிரி தன் பம்பையில் ஒரு தட்டு தட்டினார். பம்பைச் சத்தத்தில் ஒரு கரகரப்பு இருக்குமே, அதுவும் இதுவும் அண்ணன் தங்கச்சி மாதிரி ஒட்டிக்கொண்டன. அக்கா திரும்பி ஒரு உறுமல் கொடுத்தார். சிவராமன் பதில் கொடுத்தார். ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

சார் நிகழ்ச்சி தடம் மாறுகிறதே என்று பதறி, அடுத்த பாட்டை அறிவிக்க மைக்கை எடுத்தார். பந்தல் ஓரத்திலிருந்து வேம்புலி வந்தார். அதுவரை மேடைப் பக்கமே திரும்பாத மனிதர், நேராகப் படியில் ஏறி, சார் கையில் இருந்த மைக்கிலேயே பேசினார்.

"அந்த ஆத்தா பாட்ட ஒன்ஸ் மோர் பாடுங்க சார். எந்தங்கச்சி வாசிச்சது யார் காதுலயும் உழல."

எந்தங்கச்சி என்று ஊர் முன்னால் அவர் சொன்னதும் அக்கா குனிந்து பெடலின் ஒயரைச் சரிசெய்தார். ஒயர் சரியாகத்தான் இருந்தது.

கமிட்டி ஒன்ஸ் மோர் கேட்டால் பாடித்தான் ஆக வேண்டும், அது எங்கள் தொழில் தர்மம். அதற்கு மேல், சாரின் சொந்தப் பாட்டுக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் ஒன்ஸ் மோர் அது. மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். சிவராமன் பம்பையோடு மேடைக்கே வந்துவிட்டார். முதல் சரணம் முழுக்க அக்கா ஓவர்டிரைவில் வைத்து, பாட்டுக்கு அடியில் அடங்கிய குரலில் முனகிக்கொண்டே வந்தார். சார் சரணத்தை முடித்த இடத்தில் அக்கா குனிந்து அந்தச் சின்ன ஸ்விட்சை மறுபக்கம் தள்ளிவிட்டு நிமிர்ந்தார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

அந்த வாசிப்பை எழுத எனக்குத் தெரியவில்லை. முதலில் இரண்டு தந்தியில் கல் கல்லாக இறக்கினார், என் பேடும் சிவராமனின் பம்பையும் அதன் மேலேயே விழுந்தன. பிறகு ஒற்றைத் தந்தியில் ஏறினார். ஏறி, மேலே ஒரு சுரத்தைப் பிடித்து, விரலால் தந்தியை வளைத்து நிறுத்தினார். அது அழுகிற மாதிரியும் இருந்தது, அதட்டுகிற மாதிரியும் இருந்தது. அந்தச் சத்தம் நூம்பல் தாண்டி பைபாஸ் வரைக்கும் போயிருக்கும். முன்வரிசையில் வருஷா வருஷம் பம்பைக்கு அருள் வந்து ஆடுகிற அம்மாள் கிட்டாருக்கே ஆட ஆரம்பித்துவிட்டார். அபிஷேக் என்ன செய்தான் தெரியுமா? கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்து, எல்லாரும் பார்க்கத் தலைக்கு மேல் தூக்கிக் கை தட்டினான். வாசிப்பது நானில்லை, அக்காதான் என்று ஊருக்குக் காட்டினான். அன்றைக்கு அவன் மேல் எனக்கிருந்த அத்தனை கடுப்பும் போய்விட்டது. பாடுவதற்கு ஒன்றுமில்லாமல் நின்ற ஜானகிராமன் சார், ஸ்டூலில் இருந்த ரிப்பன் டாம்பரினை எடுத்துத் தானே தட்ட ஆரம்பித்தார். நான் சிரித்துவிட்டேன், தாளம் தப்பாமல்.

பாட்டு முடிந்ததும் வந்த சத்தத்தில் ரசாக் பாயின் பெட்டிகள் தோற்றுப்போயின. பாய் மிக்சருக்குப் பின்னால் நாற்காலி மேல் ஏறி நின்று விசிலடித்துக்கொண்டிருந்தார். நான் நாகம்மாவைத் தேடினேன். அவர் எழுந்து நின்று, பக்கத்தில் இருந்த அம்மாளின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். கச்சேரி முடிந்து நான் கீழே இறங்கியபோதும் அவர் நிறுத்தவில்லை. வழியில் போகிற வருகிற எல்லாரையும் பிடித்து, ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கரகரன்னு ஒண்ணு வந்துச்சே, கேட்டியா? அது எம் பொண்ணு."

பாடுகிறாள் என்று அவர் அதற்கப்புறம் யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா பெடலிலிருந்து ஒயரைப் பிடுங்கினார். சொருகியே வைத்திருந்தால் பேட்டரி தீர்ந்துவிடும் என்பதால், வண்டிச் சாவியை எடுக்கிற மாதிரி அது அவருக்குப் பழகிவிட்டது. பெடலைத் துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்தார். ஒப்பந்தத்தைப் பற்றி ஜானகிராமன் சார் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காவின் ஆம்பை மட்டும் தன் கையாலேயே தூக்கிக்கொண்டுபோய் அவருடைய ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிக் கொடுத்தார். எந்தப் பெட்டியையும் சார் தூக்கி நாங்கள் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போனதும் சம்பத் அண்ணன் செல்போனில் யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அவர் அதிகம் பேசமாட்டார் என்று சொன்னேன் அல்லவா, அன்றைக்கும் பேசவில்லை. முடிய முடிய மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டுக்கொண்டே இருந்தார் என்று அக்கா சொல்லிச் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு நசரத்பேட்டையில் ஒரு வரவேற்பு. பேடுக்கு ஒயர் வாங்க ரசாக் பாயிடம் போனேன். அக்கா இன்னும் வரவில்லை. பாய் என்னைப் பார்த்ததும், கிட்டாருக்கு இன்றைக்கு அரை மணி நேரம் டெஸ்டிங் ஒதுக்கியிருக்கேன், சார்கிட்ட சொல்லிடு என்றார். மிக்சரைப் பார்த்தேன். 'சார்', 'கீபோர்டு', 'கோபி பேட்' எல்லாம் பழைய அழுக்கு டேப்தான். அடுத்து இருந்த 'எக்ஸ்ட்ரா' இல்லை, கிழித்தெடுத்துவிட்டு அந்த இடத்தில் புது வெள்ளை டேப் ஒட்டியிருந்தார். அதில் ரசாக் பாய் தன் கோணல் கையெழுத்தில், மிக்சரைத் தொடுகிற தன் ஆட்கள் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, சிவப்புப் பேனாவால் எழுதியிருந்தார்:

'சாமுண்டி. தொடாதே.'